வாலுப் பிள்ளைகளின் கோடை

ஏப்ரல் பிறந்துவிட்டால் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு சுவர்களில் சம்மர் கேம்ப் விளம்பரங்கள் முளைத்துவிடும். கீபோர்டு, ரோபாட்டிக்ஸ், செஸ், ஓவியம், ஸ்லோக வகுப்பு. இரண்டு வாரத்துக்குச் சில ஆயிரம் ரூபாய். அப்படி ஒட்டியிருந்த எண்களில் ஐந்தாறுக்கு நாங்கள் போன் செய்து பார்த்தோம். ஒன்பது வயதுப் பையன், ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டோம். ஓர் இடத்தில், பையனோடு கூடவே இருக்க ஓர் ஆளை நீங்களே அனுப்ப வேண்டும், அந்த ஆளுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். இன்னோர் இடத்தில் முதலில் தெருப் பெயரைக் கேட்டார்கள். சொன்னோம். சீட் முடிந்துவிட்டது என்றார்கள். மறுநாள் எங்களில் ஒருவர் வேறு தெருப் பெயர் சொல்லிக் கேட்டபோது சீட் இருந்தது.

இதற்குப் புகார் எழுதலாம். எழுதவும் செய்தோம். ஆனால் புகாருக்குப் பதில் வருவதற்குள் மே மாதம் முடிந்துவிடும், பிள்ளைகளோ இன்றைக்கு வீட்டில் இருக்கிறார்கள். ஆகவே எங்களால் முடிந்ததை நாங்களே செய்வது என்று இறங்கினோம். இரண்டு கோடைகளாக நடத்தியதைத்தான் இங்கே எழுதுகிறோம். வாசிக்கிற மாணவத் தோழர்கள் தங்கள் பகுதியில் இதைவிட நன்றாகச் செய்ய வேண்டும்.

நாங்கள் என்றால் ஏழெட்டுப் பேர். சட்டக் கல்லூரி மாணவர்கள் மூவர், அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவர், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர் ஒருவர், பறை அடிக்கத் தெரிந்த இரண்டு தம்பிகள், கேட்டரிங் வேலை பார்க்கும் ஓர் அக்கா. கால்வாய் ஓரக் குடியிருப்பு ஒன்றில் மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். அங்கே வரும் பிள்ளைகளில் சிலர் மற்றவர்களைப்போல ஓர் இடத்தில் உட்கார முடியாதவர்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வேலைக்குள் வந்தோம்.

ஏ.டி.எச்.டி.யைத் தமிழில் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு என்று எழுதுகிறார்கள். மூளையின் வளர்ச்சியோடு சேர்ந்து வருவது. அம்மா செல்லம் கொடுத்ததால் வருவதல்ல, அப்பா அடிக்காமல் விட்டதால் வருவதும் அல்ல. சில பிள்ளைகளுக்கு ஓட்டமும் பேச்சும் நிற்காது. சிலர் அமைதியாகவே இருப்பார்கள், ஆனால் சொன்னது எதுவும் நினைவில் நிற்காது. பென்சிலைத் தொலைப்பார்கள், செருப்பைத் தொலைப்பார்கள். நம் ஊரில் இதற்கு ஏற்கெனவே சொல் உண்டு: வாலு, சேட்டை, துறுதுறு. அன்பாகச் சொல்லும்வரை அந்தச் சொற்களில் எங்களுக்குக் குறை இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதே துறுதுறுப்பு அபிராமபுரத்து அடுக்குமாடி வீட்டில் இருந்தால் அதற்கு ஒரு மருத்துவப் பெயர் கிடைக்கிறது, தெரபி கிடைக்கிறது, பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டு எழுதும் கடிதம் கிடைக்கிறது. கால்வாய் ஓரத்தில் இருந்தால் "இவன் பெரிய ரௌடியா வருவான்" என்பது மட்டும் கிடைக்கிறது. ஏழு வயதில் ஆசிரியர் வாயில் வரும் அந்த வார்த்தை பதினேழு வயதில் காவல் நிலையத்தில் வேறு வடிவத்தில் திரும்பி வருவதை நாம் எல்லோருமே நம் தெருக்களில் பார்த்திருக்கிறோம். கோயம்புத்தூரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 770 பேரிடம் நடத்தி 2013ல் வெளியான ஓர் ஆய்வு, நூற்றுக்குப் பதினொரு பிள்ளைகளிடம் ஏ.டி.எச்.டி. இருப்பதாகச் சொன்னது. வருமானம் குறைந்த குடும்பங்களில் அது நூற்றுக்குப் பதினாறு, நடுத்தரக் குடும்பங்களில் ஏழு. ஒரே ஓர் ஊரின் கணக்கு, அதை வைத்துத் தமிழ்நாடு முழுமைக்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும், அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் பெயர்கூட வந்து சேரவில்லை என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏ.டி.எச்.டி. என்ற பெயர் அதில் இல்லை. அதனால் அது மட்டும் உள்ள பிள்ளைக்கு அடையாள அட்டையும் இல்லை, அதையொட்டிய சலுகையும் இல்லை. ஆனால் 2013ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம், பிறந்தது முதல் 18 வயது வரை பிள்ளைகளிடம் தேடிப் பார்க்க வேண்டிய 30 நிலைகளில் ஏ.டி.எச்.டி.யையும் ஒன்றாக வைத்திருக்கிறது. அரசுப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு இதைப் பார்த்தாக வேண்டும். பார்த்தால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அனுப்பலாம், அங்கே செலவில்லாமல் பரிசோதிப்பார்கள். எங்களிடம் வந்த 14 பிள்ளைகளில் ஐந்து பேரிடம்தான் டாக்டர் சீட்டு இருந்தது. சீட்டு இல்லாதவர்களை நாங்கள் திருப்பி அனுப்பவில்லை, நாங்களே டாக்டராகி நோய்ப் பெயர் சூட்டவும் இல்லை. தெருவில் வாலு என்று பேர் வாங்கிய பிள்ளை யாரும் வரலாம் என்றோம். பெயர்ப் பட்டியல் ஒரே நாளில் நிரம்பியது.

கோடையில் இந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது? பள்ளி எவ்வளவு மோசமாக நடத்தினாலும் மணி அடித்து நாளைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கிறது. எட்டரைக்கு இது, பத்தரைக்கு இது, பன்னிரண்டரைக்குச் சோறு. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு அந்த வெட்டு ஒரு கைப்பிடி. ஏப்ரல் கடைசியில் அது போய்விடுகிறது. தூக்கம் நள்ளிரவுக்குத் தள்ளிப்போகிறது, காலை பதினொன்றுக்கு எழுவது, பத்துக்குப் பத்து அறை, மேலே ஷீட். வீட்டுக்குள் 40 டிகிரியில் எந்தப் பிள்ளைதான் அடங்கி உட்காரும்?

அம்மா ஆறு மணிக்கே வீட்டு வேலைக்குப் போயிருப்பார். நான்கு வீடு முடித்து வர மூன்று மணி. ஓர் அம்மா எங்களிடம் சொன்னார்: "இன்னா தம்பி பண்றது, ரோட்டுக்கு ஓடிப்புட்றான், வண்டி வருதுன்னு பாக்க மாட்டான். வெளிய பூட்டு போட்டுட்டுத்தான் போறேன். வேலை செய்ற வூட்ல அந்த அம்மா புள்ளைக்கு கேம்ப் போறதுக்கு டிபன் கட்டித் தரேன், என் புள்ள உள்ளாற கத்திக்கினு கெடக்கும்." இந்தப் பூட்டைப் பற்றி அவரிடம் பாடம் நடத்த நமக்கு யோக்கியதை இல்லை. பூட்டு போட வேண்டாத ஓர் இடத்தைக் காட்டுவதுதான் நம் வேலை.

பூட்டோடு சேர்ந்தே வருவது பசி. 1920ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டவர்கள் நீதிக்கட்சிக்காரர்கள். அதைச் செய்த பிட்டி தியாகராயரின் பெயரில்தான் தி. நகர் இருக்கிறது. அதற்கும் முன்பே, 1894ல், அடையாறு ஊரூரில் பறையர் பிள்ளைகளுக்காகக் கர்னல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி, கைவேலையும் விளையாட்டும் கலந்த கிண்டர்கார்டன் முறையைச் சேரிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தது. நூற்றுமுப்பது ஆண்டுக்கு முன் ஓடியாடிக் கற்கும் உரிமை இதே அடையாறில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்பதை இன்றைக்கு ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் 'செயல்வழிக் கற்றல்' முகாம்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

மதியச் சோறும் முட்டையும் 2022ல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் நம் மாநிலத்தின் பெருமை. நாமும் பெருமைப்படுகிறோம். ஆனால் மே மாதம் அடுப்பு அணைந்துவிடுகிறது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று 2016ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விடுமுறையிலும் பசிக்கும் என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட உத்தரவு அது. இங்கிலாந்தில் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் 2020ல் குரல் கொடுத்து, அந்தக் கோடைக்கு ஏழைப் பிள்ளைகளின் உணவை நிறுத்தும் முடிவை அரசு கைவிட வேண்டியதாயிற்று. 2021 முதல் அங்கே எல்லா உள்ளாட்சிகளிலும் விடுமுறை விளையாட்டும் சாப்பாடும் சேர்ந்த திட்டம் நடக்கிறது. விளையாட்டும் சாப்பாடும் சேர்ந்து என்பதைக் கவனியுங்கள். வயிறு காய்ந்த பிள்ளையிடம் கவனப் பயிற்சி நடக்காது.

திட்டமிடும்போது எங்கள் நர்ஸ் அக்கா ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தார். வில்லியம் பெல்ஹாம் என்ற உளவியலாளர் 1980ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு கோடை முகாமைத் தொடங்கினார். வாரக்கணக்கில் விளையாட்டு, கொஞ்சம் படிப்பு. நல்லது செய்த உடனே புள்ளி. மாலையில் அல்ல, வாரக் கடைசியில் அல்ல, உடனே. ஏ.டி.எச்.டி. பிள்ளைக்கு நாளைக்குக் கிடைக்கும் பரிசு இல்லாத பரிசு. அவர்களுடைய ஏற்பாடு நம் கைக்கு எட்டாது, ஆனால் அந்த 'உடனே' எட்டும். நாங்கள் புளியங்கொட்டையைப் புள்ளியாக வைத்தோம். பிள்ளைகள் கழுத்தில் சுருக்குப் பை. தண்ணீர் பாட்டிலைத் திருப்பி வைத்தால் ஒன்று, வரிசையில் அடுத்தவனைத் தள்ளாமல் நின்றால் ஒன்று, தம்பிக்குச் செருப்பு மாட்டிவிட்டால் இரண்டு. கொடுத்ததைப் பிடுங்குவது கிடையாது. முதல் வாரம் ஒருவன் அடுத்தவன் பையிலிருந்து திருடினான். அதையும் எண்ணிப் பார்த்து, எடுத்ததைவிட ஒன்று கூடுதலாகத் திருப்பி வைத்தான். எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நேரம் முக்கியம். காலை ஆறரைக்குத் தொடங்கி பத்தரைக்குள் வெயிலில் செய்ய வேண்டியதை முடித்துவிட வேண்டும். பத்தரையிலிருந்து மூன்றுவரை நிழலும் மின்விசிறியும். ஒவ்வொரு வேலையும் பதினைந்து, இருபது நிமிடம்தான். அடுத்தது என்ன என்பதைப் படமாக வரைந்து ஓர் அட்டையில் கட்டித் தொங்கவிட்டோம்: ரயில், புத்தகம், சோறு, பாய். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. "செருப்பு போட்டு, பையை எடுத்துக்கினு, தண்ணி குடிச்சிட்டு, வரிசைல நில்லு" என்றால் இவர்கள் காதில் கடைசி வார்த்தைதான் விழும், சில நாள் அதுவும் விழாது. மாறப்போகிறோம் என்பதை ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். காத்திருக்க வைக்கவே கூடாது. காத்திருக்க வேண்டி வந்தால் கையில் ஒரு வேலை கொடுங்கள். டிக்கெட்டை எண்ணுவது, பெயர் கூப்பிடுவது, கயிற்றின் நுனியைப் பிடிப்பது. பொறுப்பு கொடுத்தால் ஓடிப்போகிற பிள்ளை கூட்டத்துக்குத் தலைவனாகிவிடுகிறான்.

இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர். இதில் மட்டும் நாங்கள் சமரசம் செய்வதில்லை. மணிக்கட்டில் துணிப்பட்டை, அதில் போன் நம்பர். மாத்திரை சாப்பிடும் பிள்ளை இருந்தால் எந்த மாத்திரை, எந்த நேரம் என்று அம்மாவிடம் எழுதி வாங்க வேண்டும். லீவுதானே என்று நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டரைக் கேட்காமல் கூடாது. இதைச் சொல்ல ஓர் ஆள் குழுவில் இருக்க வேண்டும்.

இனி இடங்கள். சென்னையில் நமக்கு இடமில்லை என்று சொல்லிச் சொல்லி நாமே நம்பிவிட்டோம். தென்சென்னையில் செலவில்லாமல் போகக்கூடிய இடங்கள் நிறைய இருக்கின்றன. உள்ளே நுழையும் துணிச்சல்தான் தேவை.

முதலாவது பறக்கும் ரயில். திருமயிலையில் ஏறினால் குறைந்த தூரத்துக்கு ஐந்து ரூபாய். அந்த ஸ்டேஷன்கள் பெரிதாக, பாதி காலியாக, காற்றோட்டமாக இருக்கின்றன. பயணிகளுக்கு அது குறை, எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் வசதி. மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர் என்று பெயர்களை வரிசையாக ஒப்பிக்கிறார்கள். ஜன்னலில் அடையாற்றைக் கடக்கும்போது பதினான்கு பேரும் ஒரே பக்கம். பள்ளியில் எழுத்துக் கூட்டத் தெரியாது என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்த பெண் ஒருத்தி மூன்றாவது பயணத்தில் ஸ்டேஷன் பலகை எல்லாவற்றையும் படித்தாள். பேருந்து என்றால், 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் அக்காக்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் செலவில்லை, ஐந்து வயது தாண்டிய பையன்களுக்கு அரை டிக்கெட்.

கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010ல் திறந்தது. அடுத்த ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றுகிறோம் என்று அப்போதைய அரசு கிளம்பியதும், உயர் நீதிமன்றம் தடுத்ததும் மூத்த தோழர்களுக்கு நினைவிருக்கும். அது நிலைத்ததால் இன்றைக்கு எங்கள் பிள்ளைகளுக்கு மே மாத மதியத்தில் குளிர்ந்த காற்று கிடைக்கிறது. சிறுவர் பகுதியில் பெரிய செயற்கை மரம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் படுத்துக்கொண்டு படம் பார்க்கலாம். கட்டணம் இல்லை. நூலகத்தில் இந்தப் பிள்ளைகளா என்று பயந்தீர்களானால் ஒரு வழி சொல்கிறோம். முதலில் வெளியே மைதானத்தில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வியர்வை காய்ந்த பிறகு உள்ளே கூட்டிப் போனால் இருபது நிமிடம் நிச்சயம். இருபது ஆனதும் நீங்களே வெளியே கூட்டி வந்துவிடுங்கள், அவர்கள் கெடுக்கும்வரை இருக்காதீர்கள். நாளைக்குத் திரும்ப வரலாம்.

மரத்தடிக்கு ஆய்வும் துணை நிற்கிறது. அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஏ.டி.எச்.டி. உள்ள 17 பிள்ளைகளை இருபது நிமிடம் நடக்க வைத்துப் பார்த்தார்கள். கடைத்தெருவில், குடியிருப்புத் தெருவில், பூங்காவில் என மூன்று இடம். பூங்காவில் நடந்து வந்த பிறகுதான் கவனம் நன்றாக இருந்தது. 2009ல் வெளியானது. சின்ன ஆய்வு. எங்களுக்கு நாகேஸ்வர ராவ் பூங்காவில் தெரிந்ததும் அதேதான். தி. நகர் கண்ணம்மாபேட்டைப் பிள்ளைகளை நடேசன் பூங்காவுக்குக் கூட்டிப்போன நாட்களுக்கும், பாண்டி பஜார் அகல நடைபாதையில் நடக்கவிட்ட நாட்களுக்கும் சோற்று நேரத்தில் வித்தியாசம் தெரியும். பாண்டி பஜாரில் விளக்கு, சத்தம், கூட்டம், பொம்மைக் கடை. திரும்பி வந்தால் சண்டை.

காந்தி மண்டபத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரட்டைமலை சீனிவாசன் மணிமண்டபம் இருக்கிறது, 2023 டிசம்பரில் திறந்த அயோத்திதாசப் பண்டிதர் மணிமண்டபமும் இருக்கிறது. புல்வெளி, நிழல், அகலமான பாதை. ஒரு பையன் சிலையைச் சுற்றி ஏழு சுற்று ஓடிவிட்டு நின்று, "ண்ணா, இவரு யாரு?" என்றான். நம்ம தாத்தா என்றோம். "என் தாத்தாவா?" என்று கேட்டுவிட்டு இன்னும் மூன்று சுற்று ஓடினான். வரலாற்று வகுப்பு அவ்வளவுதான். அதுபோல ராஜா அண்ணாமலைபுரம் அம்பேத்கர் மணிமண்டபம். ஏப்ரல் 14 அன்று கூட்டம் அதிகம், இந்தப் பிள்ளைகளுக்கு அன்று வேண்டாம். வேறொரு நாள் போனால் இடம் முழுக்க அவர்களுடையது.

கடற்கரைக்கு விடியலில். எலியட்ஸிலும் மெரினாவிலும் தண்ணீரில் இறங்க விடுவதே இல்லை, உள்ளிழுப்பு அதிகம், வருடா வருடம் சாவு விழுகிறது. மணல் போதும். குழி தோண்டு, மூடு, தோண்டு. ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் அண்ணன்கள் வலை பிரிக்கும்போது பக்கத்தில் உட்காரவிட்டால் கை சும்மா இருக்காத பிள்ளை அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும். மார்ச், ஏப்ரலில் பங்குனி ஆமைக் குஞ்சுகளை மாலையில் கடலில் விடுவார்கள். கயிறு கட்டியிருப்பார்கள், தாண்டக்கூடாது. தாண்டவில்லை என்பதை எழுதி வைத்திருக்கிறோம், தேதியோடு.

விளையாட்டில் கபடி. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், ஷூ வேண்டாம். மூச்சை அடக்கி ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு போய்வருவது இவர்களுக்கென்றே கண்டுபிடித்ததுபோல இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அந்தப் பெயரைச் சொன்னதும் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் நிமிர்ந்தார்கள். ஏனென்றால் அவர்கள் கண்ணகி நகர், பெரும்பாக்கம் பிள்ளைகள். இங்கிருந்து பெயர்த்து எறியப்பட்ட குடும்பங்கள், கோடைக்கு ஆயா வீட்டுக்கு வருகிறார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்ததும் பரீட்சை நேரத்தில்தான். ஒருவர் தீக்குளித்து இறந்தார். இடிபாட்டுக்கு நடுவே புத்தகம் தேடிய பிள்ளைகளை எங்களில் சிலர் பார்த்தோம். எல்லாப் பிள்ளைக்கும் அது கேடு. மாற்றத்தைத் தாங்க முடியாத பிள்ளைக்கு அது எத்தனை மடங்கு என்று எந்த நீதிமன்றத்திலும் யாரும் கேட்கவில்லை.

பறை தனியாக எழுத வேண்டிய விஷயம். சுருக்கமாகச் சொன்னால், தப்படிக்கத் தொடங்கிய பிறகு எங்கள் பிள்ளைகளை யாரும் "சத்தம் போடாதே" என்று சொல்ல முடியவில்லை. அடி, நிறுத்து, கேள், அடி. நிறுத்துவதுதான் பயிற்சி. ஓர் அம்மா முதலில் வேண்டாம் என்றார், "சாவுக்கு அடிக்கிறதைத்தான் நாங்க விட்டுட்டு வந்தோமே" என்றார். அந்த வலியை வாதத்தால் தீர்க்க முடியாது. தம்பிகள் அவர் வீட்டு வாசலிலேயே ஒரு மாலை அடித்துக் காட்டினார்கள். மகன் ஆடினான். அடுத்த நாள் அவரே அனுப்பினார்.

பூங்காக்களில் சண்டை வராமல் இருக்குமா? வந்தது. ஒரு பூங்காவில் காவலாளி எங்களை மட்டும் நிறுத்தி எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் "இதுங்களை உள்ள விட்டா பிளான்ட் எல்லாம் போயிரும்" என்றார். செடியைப் பிடுங்கியது எங்கள் பிள்ளை அல்ல, ஆனால் அது பேச்சில்லை. எங்கள் சட்டக் கல்லூரித் தம்பி அரசியலமைப்பின் 15(2)ஐ அச்சடித்துப் பையில் வைத்திருந்தான். அரசுப் பணத்தில் பராமரிக்கும் கிணறு, குளம், சாலை, பொது இடம் எதிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்பது அது. இரட்டைமலை சீனிவாசன் 1924லேயே சென்னைச் சட்டமன்றத்தில் இதற்காகத் தீர்மானம் கொண்டுவந்தார். காவலாளியிடம் அதைக் காட்டி மிரட்ட வேண்டாம், அவரும் ஒப்பந்தத் தொழிலாளிதான். பெரியவரிடம் காட்டலாம். நாங்கள் காட்டினோம், அவர் கண்ணாடி எடுத்துவரவில்லை என்றார்.

தடுப்பது ஆள் மட்டும் அல்ல, கட்டணமும்தான். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் கொடுத்து ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் திரும்பப் பெற்றார்கள். கேட்டால் நடக்கும் என்பதற்கு இது அண்மைய உதாரணம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைப் பயிற்சி முகாமும் இப்படித்தான், கட்டணம் உண்டா இல்லையா என்பதை ஒவ்வோர் ஆண்டும் நாம்தான் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைத் தேடிப் போங்கள். பதினான்கில் எங்களுக்கு முதல் ஆண்டு கிடைத்தது இரண்டு பேர். ஓடாத, கத்தாத, கனவு கண்டுகொண்டிருக்கும் பெண்ணை யாரும் வாலு என்பதில்லை, மக்கு என்பார்கள். அதோடு கோடையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவள் தலையில். இரண்டாம் ஆண்டு, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வா என்றோம். ஐந்து பேர் வந்தார்கள், மூன்று கைக்குழந்தைகளோடு. குழந்தைகளை அக்கா பார்த்துக்கொண்டார்.

செலவைக் கேட்பீர்கள். போன ஆண்டு வாரம் நான்கு நாள், ஐந்து வாரம், ஆக 20 நாள். ஒரு நாள் சாப்பாடு, முட்டை, மோர், தர்பூசணி 700 ரூபாய். டிக்கெட் 150. அட்டை, கலர், கயிறு, துணிப்பட்டைக்கு மொத்தமாக ஆயிரம். எல்லாம் சேர்த்து 18,000. ஒரு பிள்ளைக்கு 1,300 ரூபாய்கூட ஆகவில்லை. பாதியை நாங்கள் போட்டோம், மீதியைப் படிப்பகத்தில் படித்து வேலைக்குப் போனவர்கள் தந்தார்கள். அம்மாக்களை வரச் சொல்லவில்லை. அவர்கள் ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போகும், அந்தச் செலவை எந்த முகாமும் கணக்கில் எழுதுவதில்லை.

ஆனால் 18,000 ரூபாயில் பதினான்கு பிள்ளைகளைத்தான் பார்க்க முடியும். மற்றவர்களுக்கு மாநகராட்சியைத்தான் கேட்க வேண்டும். தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மூன்று மண்டல அலுவலகங்களுக்கும் மனு எழுதியிருக்கிறோம். மே மாதம் மண்டலத்துக்கு ஒரு பள்ளியின் சமையலறையாவது எரிய வேண்டும், அதே பள்ளியின் மைதானமும் இரண்டு வகுப்பறையும் காலை ஆறரை முதல் மூன்றுவரை திறந்திருக்க வேண்டும், பூங்காக்களை மதியத்தில் பூட்டக் கூடாது, பள்ளி மருத்துவக் குழு ஏ.டி.எச்.டி. என்று குறித்த பிள்ளைகளின் குடும்பங்களுக்கு மார்ச்சிலேயே தகவல் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் மனு, ஒரு பக்கம். மார்ச் முதல் வாரம் கொடுக்கிறோம். கையெழுத்துப் போட அம்மாக்கள் படிப்பகத்துக்கு வருகிறார்கள். வேலை முடித்து வர ஏழரை ஆகும், கூட வருகிறவர்கள் எட்டு மணிவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தயாராக வாருங்கள்.